ஊட்டிக் குளிரில் முட்டைக்கரு ஆன்டிபாடி சென்சார்: 25 டிகிரிக்காக ஓர் எண்ணெய் டின்

கோழி முட்டையின் மஞ்சள் கருவில் எச்9என்2 இன்ஃப்ளுயன்சாவுக்கு (பறவைக் காய்ச்சல் வகை ஒன்று) எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் மின்வேதி சென்சார் ஊட்டியில் இப்போது நிலையாக வேலை செய்கிறது. ஒரே முட்டையைக் காலையில் வைத்தாலும் சாயங்காலம் வைத்தாலும் ஒரே பதில். இதற்கு முன் அப்படி இல்லை. மதியம் அடிப்படை அளவீடு எடுத்து, மாதிரி வைத்து, இருட்டும் நேரத்தில் மறுபடி அளந்தால் எல்லா முட்டையும் பாசிட்டிவ். காலைக் குளிரில் அடிப்படை எடுத்து மதியம் முடித்தால் நிஜமான பாசிட்டிவ்கூட நெகட்டிவ். புரதத்தையும் பஃபரையும் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) மாற்றி மாற்றிப் பார்த்ததில் பயன் இல்லை. கோளாறு மேசையின் வெப்பநிலையில் இருந்தது. செய்முறைத் தாள்கள் ‘அறை வெப்பநிலையில் 30 நிமிடம்’ என்று சொன்னால் அதை 25 டிகிரி என்று படிக்க வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் டிசம்பர் காலையில் ஆய்வக மேசை 13 டிகிரியில் கிடக்கிறது. ஜன்னல் வழியே வெயில் விழும் மேசை மதியம் 19, 20 வரை போய், நான்கு மணிக்கெல்லாம் இறங்க ஆரம்பித்துவிடும்.

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எங்கே இருந்தாலும் இதே பிரச்சினை வரும். மலைமேல் கல்லூரி ஆய்வகத்தில் இந்த வகை சென்சாரை எடுத்துச் செய்பவர்களுக்கு உதவட்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறோம்.

ஏன் முட்டை, ஏன் எச்9

நீலகிரி கேரளத்தையும் கர்நாடகத்தையும் ஒட்டிய மாவட்டம். ஆலப்புழை பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் நாடுகாணி சோதனைச் சாவடியில் கோழி வண்டிகளுக்கு மருந்து தெளிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் கூடலூர் வீடுகளிலும் கோத்தகிரி ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) பத்து, பதினைந்து என்று வளரும் நாட்டுக்கோழிகளின் ரத்தத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இறக்கை நரம்பில் ஊசி போட வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள், நியாயம்தான். முட்டை கேட்டால் கொடுப்பார்கள். கோழி தன் ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஒய். ஆன்டிபாடியைக் கருவில் சேர்த்து வைப்பதால் ஒரு முட்டையே ஒரு ரத்த மாதிரிக்குச் சமம்.

எச்9என்2 கோழிகளில் குறைந்த வீரியம் உள்ள வகை. நாங்கள் கையாள்வது வைரஸை அல்ல, அதன் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் (எச்.ஏ.) புரதத்தை மட்டும், அதுவும் ஆய்வகச் செல்களில் தயாரித்து விற்பது. மாதிரியும் நலமாக உள்ள கோழிகளின் முட்டை மட்டுமே. கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தாலோ, கொண்டை நீலம் பாரித்தாலோ அந்த வீட்டு முட்டையை ஆய்வகத்துக்குள் கொண்டுவரவே கூடாது. கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். கடும் வீரிய எச்5 வகை என்ற சந்தேகத்தை உறுதிப்படுத்தும் இடம் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம். இந்தச் சென்சாருக்கு அதில் வேலை இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆன்டிபாடி தடுப்பூசியால் வந்ததா, தொற்றால் வந்ததா என்று இது பிரித்துக் காட்டாது. தடுப்பூசி போடாத நாட்டுக்கோழியில்தான் பாசிட்டிவ் என்பதற்கு அர்த்தம் உண்டு.

பட்டையும் கருவியும்

சென்சாரின் தத்துவம் எளிது: தங்கப் பட்டையில் எச்.ஏ. புரதத்தை ஏற்றி முட்டைச் சாற்றை வைத்தால், ஆன்டிபாடி அதில் ஒட்டி மின்தடையை ஏற்றும். பட்டை என்பது பீங்கான் தகட்டில் அச்சிட்ட மூன்று மின்முனைகள்: நடுவில் 4 மி.மீ. விட்டமுள்ள தங்க வட்டம், சுற்றி எதிர்முனை, ஓரத்தில் வெள்ளி ஒப்பீட்டு முனை. இறக்குமதிதான். ஒன்று ஏறக்குறைய 400 ரூபாய் விழுந்தது. கார்பன் பட்டை இதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும், ஆனால் தங்கத்தில்தான் தயோல் படலம் (கந்தக முனையால் ஒட்டும் மூலக்கூறு அடுக்கு) ஒழுங்காகப் பிடிக்கிறது.

பொட்டென்ஷியோஸ்டாட் (மின்முனைக்கு மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வாங்கும்போது இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு எழும் தடை) அளக்குமா என்று பார்த்து வாங்குங்கள். சீப்ஸ்டாட் போன்ற திறந்த வடிவமைப்புகள் மலிவு, ஆனால் அதில் இம்பீடன்ஸ் கிடையாது. எம்ஸ்டாட் பைக்கோ அளவிலான சிறு பலகைகள் 200 கிலோஹெர்ட்ஸ் வரை அளக்கும். இந்த வேலைக்கு 10 கிலோஹெர்ட்ஸே தாராளம்.

தங்கத்தைச் சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. எத்தனாலில் அலசி, தண்ணீரில் அலசி, 0.1 மோலார் கந்தக அமிலத்தில் 0 முதல் 1.2 வோல்ட் வரை, நொடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் ஆறு சுற்று. அடுத்தடுத்த வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அச்சுத் தங்கத்தில் பிணைப்புப் பசை இருக்கிறது. கட்டித் தங்க மின்முனைக்குச் சொன்ன 20, 30 சுற்றை இதற்குக் கொடுத்தால் ஓரம் உரிந்து வரும். பிறகு ஃபெர்ரி–ஃபெர்ரோசயனைடில் ஒரு சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைவது) போட்டு இரு உச்சிகளின் இடைவெளியைப் பார்ப்போம். நொடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில் இடைவெளி 100 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல பட்டை. 130-ஐத் தாண்டினால் ஒதுக்கிவிடுகிறோம், 400 ரூபாயானாலும். மோசமான பட்டையில் ஏற்றும் புரதம் அதைவிட விலை அதிகம்.

ஃபெர்ரி–ஃபெர்ரோ கரைசல்: 100 மி.லி. பி.பி.எஸ்.ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 0.165 கிராம், மூன்று நீர் மூலக்கூறுள்ள பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு 0.211 கிராம். இரண்டும் தலா 5 மில்லிமோலார் ஆகும். பழுப்பு பாட்டிலில், தினமும் புதிதாக. வெளிச்சத்தில் நின்ற கரைசல் சிறிதளவு சயனைடை விடும், அது தங்கத்தை அரிக்கும். அரித்த தங்கத்தில் மின்தடை தானாக நகர்ந்துகொண்டே இருக்கும், காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம். அளந்து முடித்ததும் பட்டையை அதில் ஊறவிடாமல் உடனே கழுவிவிடுங்கள்.

படலமும் புரதமும்

முதலில் நீளச் சங்கிலித் தயோலை எத்தனாலில் கரைத்துப் பட்டைமேல் சொட்டாக விட்டோம். எத்தனால் பரவி ஒப்பீட்டு முனை வரை போய்விடுகிறது, காப்பு மையையும் இளக்குகிறது. தண்ணீரில் கரையும் 3-மெர்காப்டோபுரோப்பியோனிக் அமிலத்துக்கு மாறியதும் இந்தத் தலைவலி போயிற்று: 100 மி.லி. தண்ணீரில் 87 மைக்ரோலிட்டர், அதாவது 10 மில்லிமோலார். நாற்றம் கடுமையாக இருக்கும், ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் கூண்டுக்குள்தான் கலக்க வேண்டும். தங்க வட்டத்தில் மட்டும் 10 மைக்ரோலிட்டர் விட்டு, ஈர டிஷ்யூ வைத்த பெட்ரித் தட்டில் மூடி இரவு முழுக்க 25 டிகிரியில் வைக்கிறோம். ஜனவரிக் காற்று காய்ந்தது, ஈரம் வைக்காத தட்டில் விடிவதற்குள் சொட்டு உலர்ந்து வட்டமாகக் கறை படியும்.

அடுத்து இ.டி.சி., என்.எச்.எஸ்.: அமிலப் படலத்தோடு புரதத்தைப் பிணைக்க உதவும் பொருட்கள். இந்த ஊரில் மிக எளிதில் கெடுகிற பொருள் இ.டி.சி.தான். ஈரத்தை உறிஞ்சும் தூள் அது. ஜூன் முதல் பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வருகிற நாட்களில், மைனஸ் 20 டிகிரி பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை அப்படியே திறந்தால் உள்சுவரில் பனித்துளி படியும். ஒரு வாரத்தில் தூள் கட்டிதட்டிவிடும். இப்போது செய்வது இதுதான்: பாட்டிலை மூடியபடியே டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய பாத்திரம்) ஒரு மணி நேரம் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்கிறோம். வாங்கிய அன்றே 38 மில்லிகிராம் வீதம் எடை போட்டுச் சிறு குழாய்களில் பிரித்துவிடுகிறோம். மழைக்காலத்தில் டெசிகேட்டரின் நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறச் சில நாட்கள்கூட ஆவதில்லை. அதை அடுப்பில் வறுத்துப் போடுவது அன்றாட வேலையாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு குழாய்க்கு 5.8 மில்லிகிராம் என்.எச்.எஸ்., பி.எச். 5.5 உள்ள 0.1 மோலார் எம்.இ.எஸ். பஃபர் 1 மி.லி. கலந்த கையோடு பட்டையில் 10 மைக்ரோலிட்டர், 30 நிமிடம்.

இந்தக் கட்டத்தில் ஒரு நல்ல சோதனை கையில் இருக்கிறது. அமிலப் படலத்துக்கு எதிர்மின் சுமை உண்டு, அது ஃபெர்ரிசயனைடைத் தள்ளிவிடும். அதனால் எலெக்ட்ரான் கைமாறும் தடை (இனி ‘கைமாற்றத் தடை’) ஏறியிருக்கும். இ.டி.சி. வேலை செய்தால் அந்தச் சுமை குறைந்து தடை இறங்கியே ஆக வேண்டும். எங்கள் பட்டைகளில் வெறும் தங்கம் 200 ஓம் அளவு, அமிலப் படலம் 1,200 முதல் 1,600, இ.டி.சி.க்குப் பிறகு 500-க்குக் கீழ். இறங்கவில்லை என்றால் இ.டி.சி. கெட்டுவிட்டது. அங்கேயே நிறுத்துங்கள், மேலே புரதத்தைக் கொட்ட வேண்டாம்.

எச்.ஏ. புரதம் வாங்கும்போது குப்பியின் தாளை வரிக்கு வரி படிக்க வேண்டும். ட்ரிஸ், கிளைசின் உள்ள பஃபரில் வந்தால் அவற்றின் அமீன்களே இ.டி.சி. இணைப்பைத் தின்றுவிடும். பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தத்தின் ஆல்புமின் புரதம்) கலந்து வந்தால் பட்டையில் பி.எஸ்.ஏ.தான் ஒட்டும். இரண்டும் இல்லாத, ட்ரெஹலோஸ் சர்க்கரையுடன் உறைஉலர்த்திய குப்பியே நல்லது. இன்னொரு விஷயம் பஃபரின் பி.எச். புரதத்தை மின்முனையில் ஏற்றுவதற்குப் பல செய்முறைகள் பி.எச். 5 அசிட்டேட் சொல்கின்றன. மற்ற புரதங்களுக்குச் சரி. எச்.ஏ. மட்டும் அந்த அமில நிலையில் வடிவம் மாறும் இயல்புள்ளது. வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவுவதே அந்த மாற்றம்தான். வெட்டப்படாத எச்.ஏ.0 அதைத் தாங்கும், எச்.ஏ.1, எச்.ஏ.2 என வெட்டுப்பட்டது தாங்காது. வடிவம் மாறிய புரதத்தில் தலைப்பகுதியைத் தேடிவரும் ஆன்டிபாடிகள் சரியாக ஒட்டாது. நாங்கள் பி.எச். 7.2 பி.பி.எஸ்.ஸிலேயே மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் கரைத்து 10 மைக்ரோலிட்டர் விடுகிறோம், 25 டிகிரியில் ஒரு மணி நேரம்.

கணக்குப் பார்த்தால் ஒரு பட்டைக்குப் போவது 0.2 மைக்ரோகிராம். 100 மைக்ரோகிராம் குப்பி முப்பதாயிரம் ரூபாய்க்கு வந்தது, 500 பட்டை ஆக வேண்டும். குழாய்ச் சுவரிலும் டிப்பிலும் போகிற சேதாரம் கழித்து 400 என்று வைத்தால் பட்டைக்கு 75 ரூபாய். குப்பியைக் கரைத்த அன்றே சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். உருகி உறைந்து உருகினால் பாழ்.

பிறகு மிச்ச இடங்களை அடைக்க, பி.எச். 8.5 எத்தனாலமீன் 1 மோலார் 10 நிமிடம், 1 சதவீத பி.எஸ்.ஏ. 30 நிமிடம். கழுவும்போது ட்வீன்-20 கலந்த பி.பி.எஸ். ஒரு முறை, ட்வீன் இல்லாதது இரண்டு முறை. மிச்சம் நிற்கும் ட்வீன் தங்கத்தில் படிந்து தடையை ஏற்றும். ஒவ்வொரு எச்.ஏ. பட்டைக்கும் துணையாக, புரதத்துக்குப் பதில் பி.எஸ்.ஏ. மட்டும் ஏற்றிய ஒரு பட்டையையும் அதே கையில், அதே நேரத்தில் செய்துவிட வேண்டும். அதன் தேவை கீழே வருகிறது.

மஞ்சள் கரு

கருவைப் பிரித்து வடிதாள்மேல் உருட்டி வெள்ளையை நன்றாக எடுக்க வேண்டும். சவ்வைக் குத்தி ஊசியில்லாத 2 மி.லி. சிரிஞ்சால் கருவை எடுக்கலாம். மைக்ரோபிப்பெட்டில் எடுத்தால் பாதி டிப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அளவை நம்பாமல் எடை போடுங்கள், 1 கிராமை 1 மி.லி. என்று எடுத்துக்கொள்ளலாம். அதோடு 9 மி.லி. தண்ணீர், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 5.0 முதல் 5.2-க்குள். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் ஓர் இரவு. மறுநாள் 10,000 ஜி விசையில் 20 நிமிடம் சுழற்றினால் கொழுப்பு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீரில் ஐ.ஜி.ஒய். நிற்கும். பி.எச். 4-க்குக் கீழே போகவிடாதீர்கள், ஐ.ஜி.ஒய். அமிலத்தில் சிதையும்.

‘ஊட்டிக் குளிரே போதுமே, வெளியே வைத்தால் என்ன’ என்று தோன்றும். வெளிச் சூடு இரவில் 6-க்கும் 12-க்கும் இடையே ஆடுகிறது, கொழுப்பு சரியாகத் திரளாது. கலங்கலாக இருக்கும் நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் தள்ளினால் ஓரிரண்டு மி.லி.யில் அடைத்துக்கொள்ளும். தெளியாத மாதிரியைப் பட்டையில் வைத்தால் கொழுப்பு தங்கத்தின்மேல் படிந்து ஆன்டிபாடி மாதிரியே தடையை ஏற்றிக் காட்டும். பி.எஸ்.ஏ. பட்டை இருந்தால் இது உடனே தெரியும், அதுவும் சேர்ந்து ஏறும்.

தெளிநீரை பி.பி.எஸ்.ஸில் பத்து மடங்கு நீர்த்தால் கருவுக்கு மொத்தம் 1:100. இதுதான் எங்களுக்குச் சரியாக வந்த நீர்ப்பு. 1:20-ல் நெகட்டிவ் முட்டையே பின்னணியை ஏற்றிவிடுகிறது. கோழியின் ஐ.ஜி.ஒய். பாலூட்டிகளின் ஐ.ஜி.ஜி.யைவிட நீர்விலக்கும் தன்மை கூடியது, எதிலும் போய் ஒட்டும்.

எண்ணெய் டின்

பட்டைமேல் 100 மைக்ரோலிட்டர் ஃபெர்ரி–ஃபெர்ரோ, திறந்த சுற்று மின்னழுத்தம், 10 மில்லிவோல்ட் அலை, 10 கிலோஹெர்ட்ஸ் முதல் 1 ஹெர்ட்ஸ் வரை. வரைபடத்தில் ஓர் அரைவட்டம் வரும்; அதன் இடது முனை கரைசலின் தடை, விட்டம் கைமாற்றத் தடை. ஆன்டிபாடி ஒட்டினால் விட்டம் பெருகும். குளிர்ந்தாலும் பெருகும். எங்கள் பட்டையில் 25-லிருந்து 20 டிகிரிக்கு இறங்கினால் கைமாற்றத் தடை 14 முதல் 16 சதவீதம், 15-க்கு இறங்கினால் ஏறக்குறைய 30 சதவீதம் ஏறுகிறது. நிஜமான பாசிட்டிவ் முட்டை தருவது 35 முதல் 45 சதவீதம். ஒரு சாயங்காலக் குளிர் அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இதைப் பிடித்துக்கொடுத்தது கரைசலின் தடைதான். அந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பொருத்திய சுற்றில் கிடைத்தாலும் தள்ளிவிடுவார்கள். உப்புக் கரைசலின் கடத்துதிறன் டிகிரிக்கு 2 சதவீதம் அளவு மாறும். ஆகவே அடிப்படை அளவீட்டில் 100 ஓம் இருந்த கரைசல் தடை மாதிரிக்குப் பிறகு 110 ஆகியிருந்தால், பட்டை 5 டிகிரி குளிர்ந்திருக்கிறது என்று பொருள். பழைய கோப்புகளைத் திறந்து கரைசல் தடையையும் ‘பாசிட்டிவ்’ சதவீதத்தையும் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கியிருந்தன. மாறாகக் கரைசல் தடை குறைந்தால் சூடு ஏறியிருக்கிறது, அல்லது சொட்டு காய்ந்து உப்பு கெட்டியாகியிருக்கிறது. இப்போது எங்கள் விதி: இரு அளவீடுகளுக்கு இடையே கரைசல் தடை 2 சதவீதத்துக்குமேல் மாறினால் அந்த முடிவைத் தூக்கிப்போட்டுவிடுவது. தனி வெப்பமானி வைத்தாலும் அது அலுமினியத்தின் சூட்டைத்தான் சொல்லும். சொட்டின் சூட்டைச் சொல்வது கரைசல் தடை.

பெட்டி 15 கிலோ எண்ணெய் டின். ஒரு பக்கத்தை வெட்டிக் கீல் வைத்துக் கதவாக்கி, உள்ளே 25 மி.மீ. தெர்மோகோல். நடுவில் 100 மி.மீ. சதுரம், 25 மி.மீ. தடிமன் உள்ள அலுமினியக் கட்டி, கோயம்புத்தூர் லேத் பட்டறையில் பழைய இரும்புக் கடைத் துண்டை வாங்கிச் சமன் செய்தது. அடியில் 10 ஓம், 10 வாட் சிமென்ட் மின்தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து வெப்பப் பசை போட்டு ஒட்டியிருக்கிறோம். 12 வோல்ட்டில் 0.6 ஆம்பியர், 7 வாட்டுக்குச் சற்றுமேல். டபிள்யூ1209 தெர்மோஸ்டாட் பலகை அதை ஏற்றி இறக்கும். 14 டிகிரியிலிருந்து 25-க்கு வர 20 நிமிடம் பிடிக்கிறது. ஊட்டியில் குளிரூட்ட வேண்டிய தேவையே இல்லாததால் பெல்டியர் இல்லை, விசிறி இல்லை. டின் 40, தெர்மோகோல் 60, அலுமினியமும் லேத் கூலியும் 700, தெர்மோஸ்டாட் 150, மின்தடைகள் 40, அடாப்டர் 250. மொத்தம் 1,240 ரூபாய்.

கட்டியின் எடை 675 கிராம் அளவு. இவ்வளவு கனம் எதற்கு என்றால், அளக்கும்போது சூடேற்றியை அணைத்துவிட வேண்டும். ரிலே ‘டிக்’ என்று விழும் ஒவ்வொரு முறையும் அளவீட்டில் ஒரு முள் குத்தும். கனமான கட்டி ஒன்றரை நிமிட அளவீட்டில் 0.2 டிகிரிக்குமேல் ஆறாது. மெல்லிய தகடாக இருந்தபோது அளவீடு முடிவதற்குள் ஒரு டிகிரி போய்விட்டது.

டின்னால் இன்னொரு லாபம், மின் இரைச்சல் தடுப்பு. இந்தப் பட்டையில் அரைவட்டத்தின் உச்சி எங்கே விழும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: கைமாற்றத் தடை 2,000 ஓம், மின்தேக்கம் 1 மைக்ரோஃபாரட் என்றால் 80 ஹெர்ட்ஸ். தடை 3,000-க்கு ஏறினால் 53. கரண்டின் 50 ஹெர்ட்ஸ் சரியாக உச்சியில் வந்து உட்காருகிறது, விட்டத்தைக் கணிக்க மிகவும் தேவையான இடத்தில். டின்னின் உள்பூச்சைச் சுரண்டி, வெறும் தகரத்தில் கம்பியைப் பற்றவைத்து, கருவியின் கிரவுண்டோடு இணைக்க வேண்டும். பூச்சுக்குமேல் முறுக்கி வைத்த கம்பி தொடர்பே கொடுக்காது. அலுமினியக் கட்டிக்கும் அதே கிரவுண்ட். அடாப்டரைக் கழற்றி, மடிக்கணினியையும் பேட்டரியில் ஓட்டுங்கள். 45 முதல் 55 ஹெர்ட்ஸ் வரை புள்ளியே வைக்காமல் அலைவெண் பட்டியலைக் கையால் எழுதிக்கொடுத்தோம். காற்றுக் காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போன நாட்களில் எடுத்த வளைவுகள்தான் எங்களிடம் உள்ளவற்றில் சுத்தமானவை.

பனித்துளி பற்றி ஒரு எச்சரிக்கை. 13 டிகிரி மேசையில் இருந்த பட்டையை 25 டிகிரி ஈரப் பெட்டிக்குள் வைத்ததும், கருவியில் செருகும் முனைகளில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். முனைகளுக்கு இடையே கசிவு வந்து, தாழ் அலைவெண் வால் மடங்கும். பட்டையை உலர்ந்த தட்டில் வைத்து ஐந்து நிமிடம் கட்டிமேல் சூடாக்கி, முனையை லென்ஸ் தாளால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். சொட்டு விட்ட பின் மூன்று நிமிடம் காத்திருந்தால் கரைசல் தடை நிலைக்கும்.

வெப்ப உணரியைச் சரிபார்க்கக் கொதிநீரை நம்பாதீர்கள், இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். உருகும் பனிக்கட்டிக்கு உயரம் ஒரு பொருட்டல்ல. டி.எஸ்.18பி20-யின் பிழை அரை டிகிரி வரை போகலாம், பனிக்கட்டியில் வைத்துத் திருத்தம் எழுதிக்கொண்டால் போதும். காற்று இடைவெளி உள்ள மைக்ரோபிப்பெட்டுகளும் உயரத்தில் சற்றுக் குறைவாக எடுக்கும். தராசில் தண்ணீரை எடை போட்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முடிவுகள் எப்படி வந்தன

ஆன்டிபாடி ஏற்றம் என்று நாங்கள் எழுதுவது எச்.ஏ. பட்டையின் சதவீத ஏற்றத்திலிருந்து பி.எஸ்.ஏ. பட்டையின் சதவீத ஏற்றத்தைக் கழித்தது. இரண்டும் ஒரே கட்டிமேல், ஒரே மாதிரியோடு, 30 நிமிடம் 25 டிகிரியில். வெப்பநிலையில் மிச்சமுள்ள ஆட்டமும் கொழுப்பும் இந்தக் கழித்தலில் போய்விடும். தடுப்பூசி போட்ட பண்ணைக் கோழிகளின் முட்டை 30-க்குமேல், தனித்திருக்கும் ஹட்டி ஒன்றின் முட்டைகள் 6-க்குக் கீழ். இடையில் 6 முதல் 15 வரை வருவதைச் ‘சந்தேகம்’ என்று மட்டுமே குறிக்கிறோம்.

ஒப்பிட்டுப் பார்த்தது ஹீமக்ளூட்டினேஷன் தடுப்புச் சோதனையோடு, அதாவது வைரஸ் ரத்தச் சிவப்பணுக்களைத் திரளவைப்பதை ஆன்டிபாடி தடுக்கிறதா என்று பார்ப்பது. நான்கு எச்.ஏ. அலகுக்கு எதிராக 1:16 அல்லது அதற்குமேல் நீர்ப்பிலும் தடுத்தால் பாசிட்டிவ் என்பது உலக விலங்கு நல அமைப்பின் கையேட்டு அளவு. தெளிவான பாசிட்டிவ், தெளிவான நெகட்டிவ் இரண்டிலும் சென்சார் ஒத்துப்போனது. 1:16, 1:32 பக்கம் உள்ள முட்டைகள்தான் ‘சந்தேகம்’ வரம்பில் விழுந்தன. அந்தச் சோதனை தலைப்பகுதியை மறைக்கும் ஆன்டிபாடியை மட்டும் பார்க்கிறது, சென்சாரோ எச்.ஏ.யின் எந்தப் பகுதியில் ஒட்டினாலும் காட்டும். ஆகவே எண்ணுக்கு எண் ஒத்துவர வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

சந்தேக முட்டைகளுக்கு ஒரு படி கூடுதலாக வைத்தோம். இம்பீடன்ஸ் அளந்து கழுவிய அதே பட்டையில், எச்.ஆர்.பி. நொதி இணைத்த கோழி ஐ.ஜி.ஒய். எதிர் ஆன்டிபாடி 1:2,000, 15 நிமிடம். கழுவி, அந்த நொதி வினைபுரியும் டி.எம்.பி. கரைசல் 100 மைக்ரோலிட்டர், இரண்டு நிமிடம் கழித்து 0 வோல்ட்டில் 60 நொடி மின்னோட்டம். நெகட்டிவ் 0.3 மைக்ரோஆம்பியர் அளவு, நல்ல பாசிட்டிவ் 3 வரை. பத்து மடங்கு இடைவெளி இருப்பதால் கணிக்க எளிது. கவனிக்க வேண்டியவை மூன்று. ஐ.ஜி.ஒய். புரோட்டீன் ஏ-யிலோ ஜி-யிலோ ஒட்டாது, கோழிக்கென்றே உள்ள எதிர் ஆன்டிபாடி வேண்டும். சோடியம் அசைடு கலந்த பஃபர் எதையும் இந்தப் படிக்கு அருகில் கொண்டுவரக்கூடாது, எச்.ஆர்.பி. முடங்கிவிடும். முட்டைச் சாறு கெடாமலிருக்க அசைடு சேர்க்கும் வழக்கம் பலருக்கு உண்டு. மூன்றாவது, டி.எம்.பி.யைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டிலேயே ஊற்றினால் நொதி மெதுவாகும், மின்னோட்டம் பாதிக்குக் குறையும். அதையும் கட்டிமேல் வைத்து 25-க்குக் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும்.

அடுத்த முறை மாற்றுவது

முதலில் 25 டிகிரி என்ற தேர்வு. ஊட்டிக்குச் சரி. ஏப்ரலில் கூடலூருக்குப் பெட்டியைக் கொண்டுபோனால் வெளியே பகலில் 28, 29 இருக்கிறது. சூடேற்ற மட்டும் தெரிந்த பெட்டியால் 25-ஐப் பிடிக்க முடியாது. எல்லா அளவையும் 32 டிகிரியில் புதிதாக எடுக்க ஆரம்பித்திருக்கிறோம். ஆன்டிபாடி ஒட்டுவதற்கும் அது நல்லதே. சொட்டு காய்வது கூடும், அதனால் அளவீட்டுக் குழியின்மேல் ஒரு கண்ணாடி மூடி வைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, எச்.ஏ. பட்டை ஒன்று, பி.எஸ்.ஏ. பட்டை ஒன்று என்று தனித்தனியாக இல்லாமல், ஒரே தகட்டில் இரண்டு தங்க வட்டம் உள்ள பட்டை. விலை கூடுதல்தான், ஆனால் இரண்டு பட்டைகளுக்கு இடையே உள்ள அச்சு வேறுபாடு போய்விடும். சந்தேக வரம்பை 15-லிருந்து 10-க்குச் சுருக்க இதுவே வழி என்று நினைக்கிறோம்.

மூன்றாவது, ரிலே. அதற்குப் பதில் மாஸ்ஃபெட் (அசையும் பாகம் இல்லாத மின்னணு சுவிட்ச்) வைத்து மெதுவாகச் சூடேற்றினால் அளக்கும்போது அணைக்கத் தேவையில்லை, கட்டியையும் பாதி எடைக்குக் குறைக்கலாம். வீடு வீடாகத் தூக்கிப் போகிற பெட்டியில் 300 கிராம் குறைவது பெரிய விஷயம்.

புரதம் ஏற்றிய பட்டைகளைச் சேமித்து வைப்பதுதான் இன்னும் சரிவராத பகுதி. 5 சதவீத ட்ரெஹலோஸை மேலே விட்டு உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு அலுமினிய உறையில் 4 டிகிரியில் வைத்தவை இரண்டு வாரம் வரை பரவாயில்லை, நான்காவது வாரத்தில் பாசிட்டிவ் ஏற்றம் பாதியாகிவிட்டது. உறையை மூடும் நாள் பனிமூட்டமாக இருந்தால் அந்தத் தொகுதி இன்னும் சீக்கிரம் போகிறது. ஆகவே உலர்த்துவதையும் உறை மூடுவதையும் அதே எண்ணெய் டின்னுக்குள், சிலிக்கா ஜெல் தட்டு வைத்து ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு செய்து பார்க்கிறோம். அந்தத் தொகுதிப் பட்டைகளை வாரத்துக்கு இரண்டாக எடுத்து, ஒரே பாசிட்டிவ் கருச் சாற்றின் உறைந்த பங்குகளோடு அளந்து வருகிறோம்.